வைஃபை சிக்னல் முழுசா இருக்கு, ஆனா நெட் வரல: ஏன்?

வீட்டில் இணையம் நின்றுபோனால் நாம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வைஃபை போச்சு." போனை எடுத்துப் பார்த்தால் வைஃபை போகவில்லை. கோடுகள் முழுசாக நிற்கின்றன. பெயருக்குக் கீழே "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை" என்று ஒரு வரி, அல்லது வைஃபை குறியின் ஓரத்தில் சின்னதாக ஓர் ஆச்சரியக்குறி. இதைப் பார்த்ததும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், போனை அணைத்துப் போடுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டியின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊக்கை விட்டு அழுத்துவார்கள். இந்தக் கடைசி வேலை, இருக்கிற கோளாறோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடும்.

வைஃபையையும் இணையத்தையும் ஒரே பொருளாகப் பேசிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், கோளாறு வீட்டுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். தொழில்நுட்பப் படிப்பு எதுவும் வேண்டாம். ஃபைபர் இணைப்பு வைத்திருக்கும் வீட்டை மனதில் வைத்து இதை விளக்குகிறேன். இன்று நம் ஊர்களில் புதிதாகக் கொடுக்கும் லைன்களில் பெரும்பாலானவை அவைதான்.

## வைஃபை எதுவரை?

வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தெரு நல்ல தெரு, வெளிச்சம் இருக்கிறது, மேடு பள்ளம் இல்லை. ஸ்டாப்புக்குச் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஆனால் பஸ் வரவில்லை. தெரு நன்றாக இருப்பதற்கும் பஸ் வருவதற்கும் சம்பந்தம் இல்லை. வைஃபை அந்தத் தெரு. இணையம் அந்த பஸ்.

உண்மையில் நடப்பது இது. ஃபைபர் கொடுக்க வந்தவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டிக்குள் ரௌட்டர் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, அவை கேட்பதை வெளியே அனுப்பி, வரும் பதிலை உரிய கருவியிடம் கொடுக்கும் சாதனம்தான் ரௌட்டர். உங்கள் போனுக்கும் இந்த ரௌட்டருக்கும் நடுவே ரேடியோ அலையில் நடக்கும் பேச்சுதான் வைஃபை. அதற்கான முதல் தர விதிகள் 1997ல் வந்தன. இன்று நம் வீடுகளில் அது பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. நிறைய பெட்டிகள் இதனால்தான் இரண்டு பெயர்களைக் காட்டுகின்றன, ஒன்றின் கடைசியில் '5ஜி' என்று இருக்கும். மொபைல் கம்பெனிகளின் 5ஜிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆக, வைஃபையின் வேலை வரவேற்பறையில் தொடங்கிப் படுக்கையறையில் முடிந்துவிடுகிறது. போன் காட்டும் கோடுகள், ரௌட்டரின் ரேடியோ எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அளக்கின்றன. நம்பிக்கை வரவில்லை என்றால் யோசித்துப் பாருங்கள்: வாசலில் வரும் ஃபைபர் வயரை யாராவது வெட்டிவிட்டால்கூட, ரௌட்டருக்குக் கரண்ட் இருக்கும்வரை கோடுகள் குறையாது. அந்த நேரத்திலும் போனிலிருந்து வைஃபை பிரிண்டருக்கு ஒரு பக்கத்தை அனுப்பி அச்சடிக்கலாம், ஏனென்றால் அந்தப் பேச்சு வீட்டைவிட்டு வெளியே போகவே தேவையில்லை.

இதுவரை: வைஃபை என்பது போனுக்கும் ரௌட்டருக்கும் நடுவே உள்ள பாதை. முழுக் கோடுகள் அந்தப் பாதைக்கு மட்டுமே உத்தரவாதம்.

## "இணையம் இல்லை" என்று போனுக்கு எப்படித் தெரிகிறது?

வைஃபையில் சேர்ந்த உடனே போன் நமக்குத் தெரியாமல் ஒரு சோதனை செய்கிறது. ஆண்ட்ராய்டு போன், கூகுளின் முகவரி ஒன்றுக்குச் சின்னதாக ஒரு கோரிக்கை அனுப்பும். பதிலாக 204 என்ற எண் வர வேண்டும். 'கேட்டது புரிந்தது, அனுப்ப எதுவும் இல்லை' என்பதற்கான குறியீடு அது. விண்டோஸ் கணினி ஒரு துண்டு உரைக் கோப்பை எடுத்துவரப் பார்க்கும். அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்று சொற்கள் மட்டும் இருக்கும். ஐபோன் 'சக்ஸஸ்' என்ற ஒரு சொல்லை எதிர்பார்க்கும். எதிர்பார்த்த பதில் வந்தால் இணையம் உண்டு. பதிலே வராவிட்டால் இணையம் இல்லை என்று எழுதிவிடும்.

பதில் வந்து, அது வேறு பதிலாக இருந்தால்? ரயில் நிலையத்திலோ ஹோட்டலிலோ வைஃபையில் சேர்ந்ததும் மொபைல் எண் கேட்டு ஒரு பக்கம் தானாகத் திறக்குமே, அது இப்படித்தான் வருகிறது. போன் 204ஐக் கேட்க, நடுவில் இருக்கும் நெட்வொர்க் தன் லாகின் பக்கத்தை நீட்டுகிறது. வீட்டு இணைப்பிலும் இது நடக்கும். பிளான் முடிந்துவிட்டால் பல கம்பெனிகள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பணம் கட்டச் சொல்லும் பக்கத்துக்குத் திருப்பிவிடும். அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் ரீசார்ஜ் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "இணையம் இல்லை" என்ற வரி ஒரு சின்னச் சோதனையின் முடிவுதான். அபூர்வமாக அது தவறாகவும் இருக்கலாம். வரியைப் பார்த்துப் பதறுவதைவிட, பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

## முதல் கேள்வி: ஒரு போனிலா, எல்லாவற்றிலுமா?

எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள கேள்வி இந்த விஷயத்தில் கிடையாது. வீட்டில் இன்னொரு போனையோ டிவியையோ எடுத்து அதில் நெட் வருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் இல்லை என்றால் கோளாறு ரௌட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் இல்லை என்றால் லைன் நன்றாகவே இருக்கிறது, அந்தக் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்யும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்தால் போன் சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். "என் போன்ல வருதே, உன் போன்லதான் ஏதோ பிரச்சினை" என்று அம்மாவும் பிள்ளையும் வாதாடிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் பார்த்தால் அம்மாவின் போன் ஓடியது சிம் டேட்டாவில்.

## எல்லாவற்றிலும் இல்லை என்றால்: பெட்டியின் விளக்குகளைப் படியுங்கள்

நேராகப் பெட்டியிடம் போங்கள். அதன் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறினாலும் மூன்று பெயர்களைப் பெரும்பாலான ஃபைபர் பெட்டிகளில் பார்க்கலாம்: எல்ஓஎஸ் (LOS), பிஓஎன் (PON), இன்டர்நெட் (Internet).

எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தாலோ கண் சிமிட்டினாலோ, வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் என்பது தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழை. செய்தி அதில் ஒளித் துடிப்பாக ஓடுகிறது. கம்பெனி முனையிலிருந்து வரும் ஒளி பெரும்பாலும் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும். அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. இழை எங்காவது அறுந்திருந்தால், அல்லது கூர்மையாக மடங்கியிருந்தால், ஒளி உள்ளே வந்து சேராது. மின்கம்பத்திலும் மரக்கிளையிலும் கட்டித் தொங்கவிட்ட வயரை உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போவது, காற்றடித்துக் கிளை முறிந்து விழுவது, அணில் கடிப்பது என்று வெளியே நடப்பது எதுவும் நம் கையில் இல்லை.

ஆனால் வீட்டுக்குள் ஒரு இடம் நம் கையில் இருக்கிறது. பெட்டியின் அடியிலோ பின்னாலோ ஒரு மெல்லிய வயர், பெரும்பாலும் மஞ்சளாக, நுனியில் பச்சை நிறச் சதுரப் பிடியோடு செருகியிருக்கும். சோபாவை நகர்த்தும்போதோ தூசி தட்டும்போதோ அது இழுபட்டிருக்கலாம், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கலாம். பிடியை நேராக வைத்து 'டிக்' என்று சத்தம் வரும்வரை உள்ளே தள்ளுங்கள். வயரைக் கொஞ்சம் பெரிய வளையமாகத் தளர்த்திவிடுங்கள், கயிறு மாதிரி இறுக்கிச் சுற்றாதீர்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து ஒளி வருகிறதா என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம். தெரியாத ஒளியாக இருந்தாலும் அது லேசர். முனையை விரலால் தொடவும் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு போதும், ஒளியைத் தடுக்க.

இவ்வளவு செய்தும் சிவப்பு போகவில்லை என்றால் ரௌட்டரில் எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இல்லை. லைன் ஆள் வந்துதான் ஆக வேண்டும்.

எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, ஆனால் பிஓஎன் விடாமல் கண் சிமிட்டுகிறது என்றால் ஒளி வருகிறது, கம்பெனி முனையில் இருக்கும் இயந்திரம் நம் பெட்டியை இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. கரண்ட் வந்த புதிதில் ஓரிரு நிமிடம் இப்படி இருப்பது சகஜம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் சிமிட்டினால் கோளாறு அவர்கள் பக்கம், அல்லது ஒளி மிகவும் பலவீனமாக வருகிறது.

பிஓஎன் நிலையான பச்சை, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை அல்லது சிவப்பு. இது வேறு ரகம். லைன் நன்றாக இருக்கிறது, கணக்கில் சிக்கல். பல இணைப்புகளில் ரௌட்டர், கம்பெனியிடம் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லித்தான் உள்ளே போகிறது. நம் வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பொருத்த வந்தவர் பெட்டிக்குள் பதிந்துவிட்டுப் போயிருப்பார். பணம் கட்டாதது, கம்பெனியின் சர்வர் படுத்துவிட்டது, அந்தப் பெயர் பெட்டியிலிருந்து அழிந்துவிட்டது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மின்வெட்டு நேரத்தில் வரும் கோளாறு தனி. நம் பெட்டி யூபிஎஸ்ஸில் ஓடும், வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும், நெட் மட்டும் வராது. சில உள்ளூர் ஆபரேட்டர்கள் தெருவுக்கு ஒரு சுவிட்ச் பெட்டியை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் வைத்து, அங்கிருந்துதான் கரண்ட் எடுக்கிறார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் தெருவுக்கே நெட் போகும். உங்கள் தெருவில் கரண்ட் வந்ததும் நெட்டும் தானாக வருகிறது என்றால் ரௌட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆபரேட்டரிடம் அந்தப் பெட்டிக்குப் பேட்டரி வைக்கச் சொல்லுங்கள்.

இதுவரை: எல்ஓஎஸ் சிவப்பு என்றால் ஒளி இல்லை. பிஓஎன் சிமிட்டினால் ஒளி உண்டு, சேர்க்கை இல்லை. இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாவிட்டால் கணக்கு அல்லது கம்பெனி சர்வர்.

## ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

ரௌட்டரும் ஒரு சின்னக் கணினிதான். நினைவகம் உண்டு, மென்பொருள் உண்டு, எந்தக் கருவி எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று ஓயாமல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வாரக்கணக்கில் அணைக்காமல் ஓடும்போது அந்தக் கணக்கு எங்காவது சிக்கிக்கொள்ளலாம். கம்பெனியோடு இருந்த இணைப்பு அறுந்தும் 'இன்னும் இருக்கிறது' என்று ரௌட்டர் நினைத்துக்கொண்டிருக்கலாம். கரண்டை அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும், பதிந்துவைத்த அமைப்புகள் அப்படியே இருக்கும். இது ரீஸ்டார்ட். சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி போட்டு, மூன்று நான்கு நிமிடம் அதைத் தொடாமல் இருங்கள். போட்டவுடன் "வரல" என்று திரும்ப அணைத்தால் எழுந்து நிற்கும் முன் தள்ளிவிட்டது போலாகிவிடும்.

ரீசெட் என்பது துளைக்குள் ஊக்கை விட்டுப் பல விநாடி அழுத்துவது. அது பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் போகும், பல பெட்டிகளில் கம்பெனிக்கான அந்தப் பயனர் பெயரும் சேர்ந்து அழியும். எட்டு மணிக்கு ஃபைபர் அறுந்து, பத்து மணிக்குச் சரியாகியிருக்க வேண்டிய இணைப்பு, நடுவில் யாரோ ரீசெட் செய்ததால் மறுநாள் ஆள் வரும்வரை செத்துக் கிடக்கும். யூடியூபில் யாராவது சொன்னார்கள் என்று இதைச் செய்யாதீர்கள். கம்பெனி ஆள் போனில் உடன் இருந்து வழிகாட்டினால் ஒழிய அந்தத் துளையை மறந்துவிடுங்கள்.

## விளக்கெல்லாம் பச்சை, இருந்தும் நெட் இல்லை என்றால்

இனி இரண்டு சொற்களை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. முதலாவது ஐபி முகவரி. நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் பதில் வந்து சேர ஓர் எண் வேண்டும், அதுதான் ஐபி முகவரி. நீங்கள் வைஃபையில் சேரும்போது ரௌட்டர் தானாக ஒன்றைக் கொடுக்கிறது. வீட்டுக்குள் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்.

போனின் வைஃபை அமைப்பில் உங்கள் நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டு விவரங்களைப் பாருங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் முகவரி சரியாகக் கிடைத்திருக்கிறது. கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால் ரௌட்டர் முகவரி தரவில்லை, கேட்டுக் கேட்டுப் பார்த்த கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த எண்ணை வைத்து வெளியே போக முடியாது. நெட்வொர்க்கை 'மறந்துவிடு' என்று கொடுத்து மறுபடி சேருங்கள், அதிலும் ஆகாவிட்டால் ரௌட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மாடிக்கென்று இரண்டாவது ரௌட்டர் வாங்கி வைத்த வீடுகளில் இந்தச் சிக்கல் அதிகம். மாடி ரௌட்டரின் வைஃபை அருமையாகக் கேட்கும். ஆனால் கீழிருந்து வரும் வயர் கழன்றிருந்தால் அது பஸ் வரும் வழியே இல்லாத ஸ்டாப்தான். வயர் தவறான துளையில் செருகப்பட்டிருப்பதும் உண்டு. ரௌட்டராக ஓடும் பெட்டியில், வேறு நிறத்தில் தனியாக இருக்கும் 'வான்' (WAN) என்ற துளையில்தான் கீழிருந்து வரும் வயர் போக வேண்டும். இரண்டு பெட்டிகளும் தங்களுக்கு 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்துக்கொண்டிருந்தாலும் குழப்பம் வரும். மாடிப் பெட்டியின் முகவரியை மாற்றினால் போதும்.

இரண்டாவது சொல் டிஎன்எஸ். கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறியும், நாமோ பெயரைத் தட்டுகிறோம். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். பால் மொகபெட்ரிஸ் 1983ல் வடிவமைத்தது, இன்றும் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் பின்னால் இது வேலை செய்கிறது. பஸ்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, நாம் போக வேண்டிய ஊருக்கு எந்த எண் பஸ் என்று சொல்ல ஆளில்லை. டிஎன்எஸ் கெட்டுப்போனால் நிலைமை அதுதான். லைன் முழு உயிரோடு இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது.

சோதிப்பது சுலபம். பிரவுசரின் முகவரிப் பட்டையில் பெயருக்குப் பதிலாக 1.1.1.1 என்று எண்ணையே தட்டுங்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018ல் தொடங்கிய பொது டிஎன்எஸ் சேவையின் முகவரி அது. அந்தப் பக்கம் திறந்தோ, அல்லது பட்டையில் எண் one.one.one.one என்ற பெயராக மாறி நின்றோ, பெயர் தட்டிய பக்கங்கள் எதுவும் திறக்காவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான். ரௌட்டரிலோ போனின் வைஃபை அமைப்பிலோ டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1 அல்லது கூகுளின் 8.8.8.8 என்று போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதுவரை: விளக்குகள் சரியாக இருந்தால் முகவரி கிடைத்ததா என்று பாருங்கள், அப்புறம் 1.1.1.1 திறக்கிறதா என்று பாருங்கள்.

## ஒரே ஒரு போனில் மட்டும் இல்லை என்றால்

ஆண்ட்ராய்டு 9லிருந்து 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. விளம்பரம் வராமல் இருக்க யாரோ சொன்ன ஒரு பெயரை அதில் போட்டுவைத்துவிட்டு நாம் மறந்திருப்போம். அந்தச் சேவை என்றைக்காவது நின்றால், அந்தப் போனில் மட்டும் "இணையம் இல்லை" வரும். அமைப்பை 'தானியங்கி' என்று மாற்றினால் உடனே சரியாகும். ஒரு போனில் மட்டும் வராதபோது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்தது விபிஎன் செயலி, அதாவது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி. அது ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துப் பாருங்கள். பிறகு தேதியும் நேரமும். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் சான்றிதழ் உண்டு. பேட்டரி செத்துக் கிடந்த பழைய லேப்டாப்பின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ்கள் எதுவும் இன்னும் தொடங்கவே இல்லை, அதனால் எல்லாத் தளங்களையும் மறுத்துவிடும்.

அப்புறம் தூரம். கோடு ஒன்றோ இரண்டோ இருக்கும் மூலையறையில் 'இணைந்திருக்கிறது' என்று காட்டியும் ஒன்றும் ஓடாமல் இருக்கலாம். ரௌட்டரின் குரல் பலமானது, போனுக்குக் கேட்கிறது. போனின் குரல் மெலிது, ரௌட்டருக்குப் போய்ச் சேரவில்லை. ரௌட்டர் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அங்கே வந்தால், மூலையறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரில் சேருங்கள். வேகம் குறைவுதான், ஆனால் சுவரைத் தாண்டுவதில் 5ஐவிடக் கெட்டிக்காரன்.

## கஸ்டமர் கேரிடம் என்ன சொல்வது?

"நெட் வரல" என்று மட்டும் சொன்னால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "ரீஸ்டார்ட் பண்ணீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எல்லா போனிலும் வரவில்லை, ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது, எல்ஓஎஸ் சிவப்பாக எரிகிறது, வயரைச் சரியாகச் செருகியிருக்கிறேன்." எதிர்முனையில் இருப்பவர் அதற்குமேல் உங்களை அலைக்கழிக்காமல் லைன் ஆளுக்கு எழுதிவிடலாம். வருகிறவரும் இழையை ஒட்டும் கருவியோடு வருவார். விளக்குகள் எரியும் நிலையில் பெட்டியை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் கேபிள்காரர் என்றால் வாட்ஸ்அப்பில் அதை அனுப்பினாலே போதும். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டிலும் இதே நிலைமையா என்று விசாரித்துவிடுங்கள். தெருவுக்கே இல்லை என்றால் அதையும் திரும்ப அழைத்துச் சொல்லிவிடுவது நல்லது, ஒரு வீட்டுப் புகாரைவிட அதை அவர்கள் சீக்கிரம் கவனிப்பார்கள்.